பழைய போனில் வந்த விருத்தாசலம்

1

தவறுதலாக உங்கள் கைக்கு வந்துவிட்ட பிறருடைய தகவலை, அது தவறுதலாக வந்தது என்று தெரிந்த கணத்திலேயே படிப்பதை நிறுத்த வேண்டும். உரியவருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். பிரதி இருந்தால் அழிக்க வேண்டும். அழித்ததை எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும்.

இது நான் எழுதிய விதி அல்ல. ஆனால் நான் பாடம் எடுத்த விதி. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் நாங்கள் வசிக்கும் ஊரின் நகராட்சியில், பொதுமக்களின் தகவல்களைப் பாதுகாக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் காலையிலேயே இந்த நான்கு வாக்கியங்களைத் திரையில் காட்டுவேன். கடைசியில் என் சொந்தச் சரக்காக, "ஆர்வம் என்பது ஒரு காரணம் ஆகாது" என்று சேர்த்துக்கொள்வேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள். சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, "இதற்காக இருவர் வேலை இழந்திருக்கிறார்கள்" என்பேன். அதன்பின் யாரும் சிரித்ததில்லை.

அதற்கு முன்பு விருத்தாசலத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். என் மனைவி ரெஜினா நர்ஸ் வேலைக்குத் தேர்வாகி இங்கே வந்தபோது, அவளுடைய விசாவைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தவன் நான். விண்ணப்பத்தில் எனக்குக் கிடைத்த பட்டம் 'சார்ந்திருப்பவர்'. இரண்டு நாடுகளின் நடைமுறைகளையும் கரைத்துக் குடித்தவன் என்ற பெருமை எனக்கு உண்டு. எந்தப் படிவத்தை எந்த ஜன்னலில் கொடுத்தால் எத்தனை நாளில் திரும்பி வரும் என்று இன்றும் சொல்வேன். யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.

கீழே வருவது எங்கள் குடும்பத்துக் கதை. பெயர்களை மாற்றியிருக்கிறேன். உரியவர்களிடம் அனுமதியும் வாங்கியிருக்கிறேன்; இந்த முறை முன்கூட்டியே.

2

எங்கள் வீட்டில் போன்களுக்கு ஒரு இறங்குவரிசை உண்டு. நான் புதிது வாங்கினால், என் கையிலிருந்தது விருத்தாசலத்தில் தம்பி சவரியின் மகள் ஸ்டெல்லாவுக்குப் போகும். ஸ்டெல்லாவிடம் இருந்தது அவள் அம்மா பிலோமினாவுக்கு. பிலோமினாவிடம் இருந்தது சவரியின் பட்டறை மேசை இழுப்பறைக்கு. வெளிநாட்டில் இருக்கிற பல தமிழ்க் குடும்பங்களில் இதுதான் வழக்கம். போன் இங்கே கிழடாகி, அங்கே போய் இளமை அடைகிறது.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஊருக்குப் போனபோது என் போனை ஸ்டெல்லாவின் கையில் நானே கொடுத்தேன். ஓர் இயந்திரத்தைக் கைமாற்றும் முன் அதில் உள்ள அனைத்தையும் துடைத்தழிக்க வேண்டும் என்பது நடைமுறை. ஓய்வு பெறும்வரை நூற்றுக்கணக்கான கருவிகளுக்கு அதை நின்று செய்வித்தவன் நான். இந்த ஒன்றுக்குச் செய்யவில்லை. காரணம் கருணை. கணக்கைப் புதிதாகத் தொடங்க அவளுக்குச் சிரமமாக இருக்கும். படங்களைச் சேமிக்கும் இடத்துக்கு ஏற்கெனவே நான் சந்தா கட்டுகிறேன். அதுவே அவளுக்கும் ஓடட்டும். "எல்லாம் போட்டு வைத்திருக்கிறேன். ஒன்றையும் மாற்றாதே" என்று சொல்லிக் கொடுத்தேன். அவள் ஒன்றையும் மாற்றவில்லை. பெரியவர்கள் சொன்னதைக் கேட்கிற பெண்.

நாங்கள் இங்கே திரும்பி வந்த முதல் வாரத்திலேயே ஒரு காலையில், என் புதிய போனின் படத்தொகுப்பில் நான் எடுக்காத ஒரு படம் இருந்தது. வெள்ளைப் பீங்கான் ஒட்டகம் ஒன்று, சவரி வீட்டு மாடிப்படியில், வெயிலில். அடுத்தது அதே ஒட்டகம், பக்கவாட்டில். அடுத்தது பிலோமினா முறத்தோடு. பழைய போனில் ஸ்டெல்லா எடுப்பதெல்லாம் என் கணக்கில் சேர்ந்து, என் கைக்கும் வந்துகொண்டிருந்தது. நான் படம் எடுப்பவன் அல்ல; அதனால் என் பக்கத்திலிருந்து அவளுக்கு ஒன்றும் போகவில்லை. தவறுதலாக வந்தது என்று தெரிந்த கணம் அதுதான். விதியின் முதல் வாக்கியத்தைச் செயல்படுத்த வேண்டிய கணமும் அதுதான்.

நான் அடுத்த படத்தைத் தள்ளிப் பார்த்தேன்.

3

ஓய்வு பெற்றவனுடைய காலை இந்த ஊரில் எப்படி இருக்கும் என்று ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஆறு மணிக்கு எழுந்து டீ போடுவேன். பழுப்புத் தொட்டியா, நீலத் தொட்டியா, இன்று எந்தக் குப்பையை வாசலில் வைக்க வேண்டும் என்று நகராட்சியின் அட்டவணையைப் பார்ப்பேன். அந்த அட்டவணையின் எழுத்துப்பிழை ஒன்றைச் சுட்டிக்காட்டி ஒருமுறை கடிதம் எழுதினேன். நன்றி தெரிவித்துப் பதில் வந்தது. பிழை அப்படியே இருக்கிறது. இதற்குமேல் காலையில் எனக்கு வேலை இல்லை. ரெஜினா இன்னும் வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள்.

மகன் ஆல்பர்ட் வேறு நகரத்தில் இருக்கிறான். தமிழ் புரியும், பேசுவதில்லை. முன்பெல்லாம் அவன் எடுக்கும் படங்கள் எங்களுக்கும் வரும்படி வைத்திருந்தான். ஒருநாள் நிறுத்திவிட்டான். ஏனென்று கேட்டதற்கு, "ஒவ்வொரு படத்துக்கும் இது எந்த இடம், பக்கத்தில் யார் என்று கேட்கிறீர்கள் அப்பா. எனக்கு விசாரணைக் கூண்டில் நிற்கிற மாதிரி இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் பொறுமையாகச் சொன்னான். அவனுக்கு அந்த உரிமை உண்டு. அதைப் பற்றியும் நான் பாடம் எடுத்திருக்கிறேன்.

ஆக, நான் டீயோடு உட்காரும்போது விருத்தாசலத்தில் பதினொரு மணி ஆகியிருக்கும். காலையிலிருந்து ஸ்டெல்லா எடுத்ததெல்லாம் எனக்காகக் காத்திருக்கும். சவரிக்குச் செராமிக் பேட்டையில் சின்னப் பட்டறை. முன்பு மின்சாரப் பெட்டிகளுக்கான பீங்கான் ஃபியூஸ் கேரியர் செய்தான். இப்போது பொம்மைகளும் செய்கிறான். ஸ்டெல்லா அவற்றில் கிறிஸ்துமஸ் குடில் செட்டுகளுக்கு வீட்டில் பெயின்ட் அடித்து, போனில் படம் எடுத்துப் போட்டு விற்கிறாள். மாதா, சூசையப்பர், மூன்று ராஜாக்கள், இடையர்கள், ஆடு மாடுகள், மேலே சிறகு விரித்த ஒரு சம்மனசு. பெங்களூரிலிருந்தும் கொச்சியிலிருந்தும் ஆர்டர் வரும். இவற்றுக்கு நடுவே வீடும் வரும். மழையில் சாய்ந்த முருங்கை, ஜங்ஷன் ரோட்டில் தோண்டிப்போட்ட குழி, ஸ்ரீமுஷ்ணத்தில் யாரோ தோழியின் கல்யாணச் சாப்பாட்டு இலை.

கொடுக்கும் முன்பு அந்தப் போனைக் கார் நிறுத்துமிடத்தில் நான் ஒருமுறை கீழே போட்டிருந்தேன். கேமராக் கண்ணாடியில் கீறல். அதனால் அவள் எடுக்கும் எல்லாப் படத்திலும் வலது மேல் மூலையில் பால் சிந்தினாற்போல் ஒரு மங்கல் விழும். அவள் அந்த மூலையில் சம்மனசை நிறுத்திப் படம் எடுப்பாள். பார்க்கிறவர்களுக்கு வானத்து ஒளி போல் தெரியும். கெட்டிக்காரி என்று எண்ணி ரசித்தேன். கீறியவன் நான் என்பது அப்போது உறைக்கவில்லை.

பார்ப்பதோடு நிற்கவும் இல்லை. ஞாயிறு பூசை முடிந்து சவரியிடம் பேசும்போது, படத்தில் பார்த்ததை என் ஊகம்போல எடுத்துவிடுவேன்.

"அந்தப் பக்கம் காற்று பலமாக இருந்திருக்குமே, முருங்கையெல்லாம் தாங்காதே?"

"ஆமாண்ணே! சாஞ்சிடுச்சி. எப்பிடிண்ணே தெரியும்?"

"ஊகம்தான்."

"பிலோமி, இங்க பாரு, எங்கண்ணன் அங்க ஒக்காந்துகிட்டு நம்ம முருங்கையப் பத்திக் கவலப்படுறாங்க. பாசம்னா இதுதான்."

அந்தப் பாராட்டை மறுக்காமல் வாங்கிக்கொண்டேன்.

4

போன செப்டம்பரில் புதிய மாடல் வெளியானது. என்னுடையது நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனாலும் கடைக்குப் போய்ப் பார்த்தேன். மெல்லிய கண்ணாடிப் பலகை. விரல் பட்டால் படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. விற்பனைப் பையன், "பழையதைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வோம்" என்றான். "பழையது என் தம்பி வீட்டுக்குப் போகிறது" என்று, தருமம் செய்கிறவனுக்குரிய குரலில் சொன்னேன். வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யாமலே திரும்பினேன். புதியது எனக்குத் தேவையில்லை என்று தெரியும். பழையது தம்பி வீட்டுக்குப் போகும் என்பதால் வாங்கலாம் என்று தோன்றியது. என் ஆடம்பரத்துக்கு எப்போதும் அவர்கள்தான் நியாயம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அறிவித்துவிட்டேன். "ஸ்டெல்லாவிடம் சொல். நான் புதிது வாங்கப் போகிறேன். இப்போது என்னிடம் இருப்பது அவளுக்குத்தான். புத்தம் புதியது மாதிரி இருக்கிறது. ரெஜினாவோடு வேலை செய்கிற பெண் ஒருத்தி கிறிஸ்துமஸுக்குப் புதுச்சேரி வருகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன்."

சவரி ஒரு நொடி தாமதித்துத்தான் "சரிண்ணே, ரொம்ப சந்தோசம்" என்றான். இணைப்பின் கோளாறு என்று நினைத்தேன்.

அந்த வாரக் கடைசியில் ஆல்பர்ட் வீட்டுக்குப் போய்வந்ததால் நான்கு நாள் படங்கள் பார்க்காமல் சேர்ந்திருந்தன. திங்கட்கிழமை காலை டீயோடு உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமைப் படங்கள்: பாலக்கரைப் பக்கம் ஒரு செல்போன் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் நான் பார்த்த அதே புதிய மாடல். நீலம், கறுப்பு, வெளிர்பச்சை. அதைக் கையில் வைத்தபடி கடைக் கண்ணாடியில் ஸ்டெல்லா. இரண்டு புருவமும் உயர்ந்து, பல் தெரியச் சிரிக்கிறாள். அவளை அப்படி நான் பார்த்ததில்லை. நான் கொடுத்தபோது இப்படிச் சிரித்தாளா என்று யோசித்தேன். "தேங்க்ஸ் பெரியப்பா" என்றாள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

படங்களுக்கு அடுத்து ஒரு வீடியோ இருந்தது, திங்கட்கிழமை எடுத்தது. குடில் செட்டை விற்பனைக்காகக் காட்டுகிற வீடியோ. மேசைமேல் பொம்மைகள்; கேமரா ஆட்டுக்குட்டியிலிருந்து மெல்ல நகர்கிறது. "பதினோரு பீஸ் செட்டுங்க, கையாலயே பெயின்ட் பண்ணது" என்று ஸ்டெல்லா தொடங்குகிறாள். பின்னாலிருந்து சவரியின் குரல் குறுக்கே வருகிறது. அதற்குப் பின் கேமராவை நிறுத்த அவளுக்கு நினைவில்லை.

"பாலக்கரக் கடையில போயி நின்னியாமே?"

"நின்னா என்னாப்பா? செல்போன் கடதானே, சாராயக் கடையா?"

"அண்ணன் நேத்துதான் அனுப்புறேன்னு சொன்னாங்க."

"அவங்க நேத்து சொன்னாங்க. நான் வெள்ளிக்கெழமையே பாத்து வச்சிட்டேன்."

"பாத்தியே, அதோட வுடு. பெரியவங்க ஒண்ணு தரேன்னு சொன்னப்பறம் நாம அதவிடப் புதுசா வாங்கிக் கையில வச்சிக்கிட்டா என்னா அர்த்தம்? உன்னுது எனக்கு வேணாம்னு மூஞ்சியில அடிக்கிற மாதிரி இல்ல?"

"அவங்குளுது கிறிஸ்மசுக்குத்தான் வருமாம். கிறிஸ்மசுக்கு வந்தா குடில நான் எப்ப விக்கிறது? ஈஸ்டருக்கா?"

பிலோமினா சிரிக்கிறாள். "அவ கேக்குறதும் நாயம்தானேங்க. போன வருசம் மாதாவோட நீலம் படத்துல ஒண்ணு, நேர்ல ஒண்ணுன்னு கொச்சிலேருந்து நாலு செட்டு திரும்பி வந்துதே."

"நீ சும்மா இரு."

கேமரா ராஜாக்களிடம் நிற்கிறது. ஸ்டெல்லாவின் குரல் எழும்புகிறது. "மங்கலம்பேட்டையில எங்கூடப் படிச்ச ஷாகிரா, அவ வூட்டுக்காரரு துபாய்லேருந்து வரப்ப சீலு பிரிக்காத பொட்டியாக் கொண்டாந்து குடுக்குறாரு. நம்ம வூட்டுக்கு லண்டன்லேருந்து என்னா வருது? பெரியப்பா கீழ போட்டது. பெரியப்பா தண்ணியில நனைச்சது. அதுலயும், 'எல்லாம் போட்டு வைத்திருக்கிறேன். ஒன்றையும் மாற்றாதே.'" கடைசி வரியை என் குரலிலேயே சொன்னாள். என் பேச்சுத் தமிழ் வானொலிச் செய்தி மாதிரி ஆகிவிட்டது என்று அன்றுதான் தெரிந்தது. "அங்க சாவுற போனுக்கெல்லாம் நம்ம வூட்டுலதான் உயிர்ப்புத் திருநாளு!"

பிலோமினா விழுந்து விழுந்து சிரிக்கிறாள். சவரிகூட ஒரு மூச்சு சிரித்துவிட்டுத்தான் அடக்கிக்கொள்கிறான். நானும் சிரித்தேன். பிறகு அவன் குரல் தணிந்து வருகிறது:

"எங்கண்ணன் மனசு நோவுற மாதிரி இந்த வூட்டுல ஒண்ணும் நடக்காது. வேணாம்னா வேணாம். வுடு."

கேமரா குழந்தை இயேசுவின் மேல் வெகு நேரம் அசையாமல் நிற்கிறது. "ஐயய்யோ, ஓடிக்கிட்டே இருக்குது" என்று அவள் சொல்ல, வீடியோ முடிகிறது.

5

என்ன செய்ய வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. குடில் விற்பனை நவம்பரில் சூடுபிடித்து டிசம்பர் நடுவில் முடிந்துவிடும். அதற்குள் அவளிடம் நல்ல கேமரா இருக்க வேண்டும். அதை வாங்கும் ஆசையும் வழியும் அவளுக்கு இருக்கின்றன. தடை நான் ஒருவன்தான். தம்பியை அழைத்து, "அவள் புதிது வாங்கட்டும்" என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சொன்னால், "அவ வாங்குறது ஒங்களுக்கு எப்பிடிண்ணே தெரியும்?" என்று கேட்பான். முருங்கை மரத்துக்குச் சொன்ன பதில் இதற்குப் பொருந்தாது.

எனவே உண்மையைச் சொல்லாமலே தடையை நீக்கும் வழியைத் தேடினேன். அரசு அலுவலகத்தில் ஒரு உத்தரவைத் திரும்பப் பெறும்போது காரணம் எழுத மாட்டோம். 'நிர்வாகக் காரணங்களால்' என்று முடித்துவிடுவோம். அதே பாணியில் சவரியை அழைத்தேன்.

"போன் வாங்குவதைக் கைவிட்டுவிட்டேன். அதனால் இப்போதைக்கு ஸ்டெல்லாவுக்கு என்னுடையது வராது."

"ஏண்ணே?"

"இப்போதைக்கு வேண்டாம் என்று தோன்றியது."

"சரிண்ணே" என்றான். "ஒடம்ப பாத்துக்கங்க." உடம்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று நான் யோசிக்கவில்லை. காரியம் முடிந்தது என்று, புதிதாகக் கடைக்குப் போன படங்களை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். ஆம், அப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கடைப் படம் வரவில்லை. அந்த வாரம் வந்தது, கோயிலில் அந்தோணியார் சுரூபத்துக்கு முன்னால் ஏற்றிய ஒரு மெழுகுவத்தி.

வியாழக்கிழமை மாலை வேலையிலிருந்து வந்த ரெஜினா கோட்டைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் வந்து நின்றாள்.

"உங்க தம்பிகிட்ட என்னங்க சொன்னீங்க?"

"ஒன்றும் சொல்லவில்லையே."

"பஸ்ஸுல வரப்ப போன் பண்றாரு. குரலே சரியில்ல. 'ஒங்களுக்கு வேலை இருக்குதா? அண்ணனுக்குப் பென்சன் வருதா? மறைக்காதீங்கண்ணி'ங்கறாரு. வேணும்னா வயல்ல வெளைஞ்ச நெல்ல வித்து ஏதாவது அனுப்பட்டுமான்னு கேக்குறாரு. நமக்கு! அண்ணனே செலவச் சுருக்கும்போது நாம எதுக்குன்னு அங்க ஸ்டெல்லாவப் போன் வாங்க வேணாம்னு நிறுத்திட்டாராம். அவளும் சரின்னுட்டாளாம். பிலோமினா பூசைக்கு எழுதி வச்சிருக்கிறாளாம் உங்களுக்காக. என்னதான் சொல்லித் தொலைச்சீங்க?"

அண்ணன் மனம் நோகக் கூடாது என்று ஒருமுறை நிறுத்தினான். அண்ணன் கஷ்டத்தில் இருக்கிறான் என்று மறுமுறை நிறுத்திவிட்டான். என் நிர்வாகக் காரணம் அவன் வீட்டுக்குள் போய் இப்படி வேலை செய்திருந்தது.

வேறு வழியில்லாமல் போனை அவளிடம் கொடுத்தேன். நின்றபடியே வீடியோவைப் பார்த்தாள். பிறகு படங்களைத் தள்ளிக்கொண்டே போனாள்.

"எவ்வளவு நாளா இது?"

"கொடுத்ததிலிருந்து."

"ரெண்டு வருசமாவா?" நாற்காலியில் உட்கார்ந்தாள். "பிலோமினா தலை துவட்டிகிட்டு நைட்டியோட நிக்கிறா இதுல."

"அந்த மாதிரிப் படங்களை நான் தள்ளிவிடுவேன்."

"பாக்காமயே எப்படிங்க தள்ளுனீங்க?"

என் பணிக்காலத்தில் எத்தனையோ மேல்முறையீடுகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். இதற்கு, கையை நீட்டிப் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அன்று மாலையே பழைய போனை என் கணக்கிலிருந்து நீக்கினேன். அமைப்புகளுக்குள் போய் அதன் பெயரைத் தொட்டு, 'நீக்கு' என்பதை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். போட்ட டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

6

தகவல் மீறல் நேர்ந்தால் பாதிக்கப்பட்டவருக்கு அறிவிப்பு அனுப்ப ஒரு வடிவம் இருக்கிறது. அதன்படியே ஸ்டெல்லாவுக்கு எழுதினேன்: நேர்ந்தது என்ன, எக்காலம் முதல், எவ்வகைத் தகவல்கள், எடுக்கப்பட்ட நடவடிக்கை. ரெஜினா படித்துவிட்டு, "கொழந்தைக்குக் கோர்ட்டு நோட்டீஸா அனுப்புறீங்க? மனுசன் மாதிரி எழுதுங்க" என்றாள். கிழித்துப்போட்டு, மனிதன் மாதிரி எழுத முயன்றேன். அது அவ்வளவு எளிதாக வரவில்லை.

எழுதியது இது: நீ எடுத்த படங்களெல்லாம் இரண்டு வருடமாக எனக்கு வந்துகொண்டிருந்தன. உனக்குத் தெரியாது; எனக்குத் தெரியும். முதல் வாரத்திலேயே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. குடில் வீடியோவில் நீங்கள் பேசியதைக் கேட்டேன். நீ சொன்னது அத்தனையும் சரி. இப்போது இணைப்பை நீக்கிவிட்டேன். என்னிடம் இருக்கும் படங்களில் உனக்கு வேண்டியவை இருந்தால் சொல், அனுப்பிவிட்டு மீதியை அழிக்கிறேன். எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அப்பாவிடம் நானே பேசுகிறேன். புதிய போனை உடனே வாங்கிக்கொள். என்னை மன்னித்துவிடு.

"இவ்வளவுதானா?" என்றாள் ரெஜினா.

"இவ்வளவுதான்."

இவ்வளவு இல்லை. முதல் வரைவில் இன்னொன்றும் இருந்தது. அதை நான் எடுத்துவிட்டேன்.

அந்த வருடம் ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, பொம்மைப் படங்கள் எதுவும் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்றின் கால்மாட்டுப் படம். போர்வைக்கு வெளியே பிலோமினாவின் பாதங்கள், மெட்டியோடு. குளுக்கோஸ் பாட்டில் தொங்கும் கம்பி. அடுத்த படத்தில் வராண்டாத் தரையில் பேப்பர் விரித்து சவரி படுத்திருக்கிறான், செருப்பைத் தலைக்கு வைத்து. கர்ப்பப்பை அறுவைச் சிகிச்சை என்பது, ஸ்டெல்லா படம் எடுத்து வைத்திருந்த மருந்துச் சீட்டிலிருந்து தெரிந்தது. அந்த ஞாயிறு சவரி வீடியோவில் வரவில்லை. "நெட்டு சரியில்லண்ணே, கொரல் மட்டும் பேசுவோம்" என்றான். நான் கவலைப்படக் கூடாது என்று மறைக்கிறான். பின்னால் யாரோ "அடுத்து யாரு?" என்று கூப்பிடும் சத்தம்.

"எல்லாரும் நலமா?" என்று கேட்டேன்.

"நல்லாருக்கோம்ணே."

"பிலோமினா?"

"அவளும் நல்லாருக்கா. உள்ள வேலையா இருக்குறா."

"சந்தோஷம்" என்றேன்.

ரெஜினாவிடமும் சொல்லவில்லை. அவள் நர்ஸ், தெரிந்திருந்தால் அந்த நிமிடமே அழைத்து ஆயிரம் கேள்வி கேட்டிருப்பாள். பிலோமினாவுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும். எப்படித் தெரியும் என்று அவர்களும் கேட்டிருப்பார்கள்.

7

செய்தி அனுப்பிய மறுநாளே சவரியிடம் பேசினேன். எனக்குக் கஷ்டம் ஏதும் இல்லை, சும்மா ஒரு மனமாற்றம்தான், ஸ்டெல்லா தொழிலுக்கு வேண்டியதை வாங்கட்டும் என்றேன். மூன்று முறை சத்தியம் செய்யவைத்த பிறகுதான் நம்பினான். மற்றதை நான் சொல்லவில்லை. ஸ்டெல்லா சொல்லியிருப்பாள் என்று விட்டுவிட்டேன்.

ஸ்டெல்லாவின் பதில் அக்டோபர் கடைசியில் வந்தது.

"பெரியப்பா, போன் வாங்கிட்டேன். நீலம். படம் எதுவும் வேணாம், எல்லாத்தையும் அழிச்சிடுங்க. வீடியோவுல நான் பேசுனது தப்புதான், ஆனா பொய் இல்ல. இன்னும் அப்பாகிட்ட எதுவும் சொல்லல. ஒண்ணு மட்டும் கேக்கணும். ஜூலையில அம்மா ஆஸ்பத்திரியில இருந்தது உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சிதான் நல்லாருக்கீங்களான்னு கேட்டீங்களா?"

எங்கள் அலுவலகத்துக்கு ஒரு கேள்வி வந்தால் இருபது வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். ஒருமுறைகூட நான் தவணை தாண்டியதில்லை. ஓய்வு பெற்ற அன்று அதைச் சொல்லித்தான் மேடையில் கைதட்டினார்கள். தாமதத்துக்கு ஏற்கத்தக்க காரணங்கள் எவையென்றும் மனப்பாடம். கேள்வி சிக்கலானது என்று சொல்லலாம். இது சிக்கலானது இல்லை. மூன்றாம் நபரைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று சொல்லலாம். கலந்தாலோசிக்க எனக்கு யாரும் இல்லை. தகவல் எங்களிடம் இல்லை என்றும் சொல்லலாம். அந்தப் பதிலைத்தான் பல நாள் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'பொம்மைப் படங்களைத்தான் பார்ப்பேன், மற்றதைக் கவனிக்கவில்லை' என்று எழுதினால் அவள் நம்பிவிடக்கூடும். எழுதி வைத்தேன். ரெஜினாவுக்குக் காட்டத் துணியவில்லை. அதனாலேயே அனுப்பவும் துணியவில்லை.

நவம்பர் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன. சவரி புதிய போனில் பேசினான். முகம் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. மோவாயில் நரைமுடி ஒவ்வொன்றும் தெரிந்தது. "அண்ணே, ஆர்டரு நல்லாப் போவுது. எல்லாம் ஒங்க ஆசீர்வாதம்" என்றான். பின்னால் ஸ்டெல்லா பார்சல் கட்டிக்கொண்டிருப்பாள். "பெரியப்பாகூடப் பேசும்மா" என்று அவன் போனை நீட்டினால், "கையெல்லாம் டேப்பு ஒட்டுதுப்பா" என்பாள். என் பக்கம் பார்க்க மாட்டாள். அவள் போடுகிற குடில் படங்களை இப்போது கொச்சிக்காரர்கள் பார்க்கிற அதே இடத்தில்தான் நானும் பார்க்கிறேன். அவர்களுக்குத் தெரிகிற அளவுதான் எனக்கும் தெரிகிறது. காலையில் டீ குடிக்க அதிக நேரம் ஆவதில்லை.

டிசம்பரில் ஒரு ஞாயிறு, சவரி பேச்சோடு பேச்சாக, "இந்த வருசம் பிலோமிதான் குடில் வேலைக்கு அவ்வளவா ஒக்கார முடியல, இடுப்பு வலிங்கறா" என்று சொல்லி, சொல்லியிருக்கக் கூடாதென்று உணர்ந்து, "வயசாவுதில்லண்ணே, அதான்" என்று மழுப்பினான். "அப்படியா" என்று சொல்ல வாயெடுத்தேன். ஸ்டெல்லா டேப்பைக் கிழிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பி, முதல் முறையாகத் திரைக்குள் என்னை நேராகப் பார்த்தாள். நான் என்ன சொல்கிறேன் என்று பார்த்தாள்.

"நெட்டு சரியில்லை" என்று சொல்லித் துண்டித்தேன்.

ரெஜினா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "நல்லாத்தானே இருந்துது?" என்றாள். அடுப்படிக்குப் போய், ஜூலை மாதம் பார்த்ததை முதலில் அவளிடம் சொன்னேன். அவள் என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுத எனக்கு அனுமதி கிடைக்கவில்லை. சொல்லி முடித்து அவள் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போன பிறகு, நின்றபடியே ஸ்டெல்லாவுக்கு எழுதினேன்.

"தெரியும் ஸ்டெல்லா. அம்மாவின் பாதத்தைப் பார்த்தேன். அப்பா வராண்டாவில் படுத்திருந்ததைப் பார்த்தேன். தெரிந்துதான் கேட்டேன். உண்மையைக் கேட்டிருந்தால் அதன்பிறகு படங்கள் வராமல் போயிருக்கும், அதனால் கேட்கவில்லை. வேறு காரணம் இல்லை. வரும் ஞாயிறு அப்பாவிடமும் அம்மாவிடமும் நானே சொல்கிறேன்."

அனுப்பினேன். அவள் வாசித்ததற்கான குறி உடனே விழுந்தது.

அக்டோபரில் கேட்ட கேள்விக்கு என் பதில் அவள் கைக்குப் போய்ச் சேர்ந்தது டிசம்பர் பதினான்காம் தேதி.